ஆயுசு ஷாட்

நடிகை என்றால் நாள் முழுக்க நடித்துக்கொண்டே இருப்பாள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நான் நடித்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு மழைக்காலம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் காத்திருந்ததுதான். வேனுக்குக் காத்திருப்பேன், மேக்கப்புக்குக் காத்திருப்பேன், கதாநாயகிக்குத் தலைவலி நிற்கக் காத்திருப்பேன், மேகம் விலகக் காத்திருப்பேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் என் கலைவாழ்க்கை மொத்தத்தையும் உட்கார்த்தி வைத்துவிடலாம். கால் வீங்கும் வரை அதில் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் கூப்பிடுவார்கள். போய் அழுதுவிட்டு வந்து மறுபடியும் உட்காருவேன்.

என் பெயர் யாருக்கும் தெரியாது. திரையில் ஓடுகிற பெயரும் என்னுடையது இல்லை, யாரோ ஒரு மேனேஜர் வைத்தது. முகம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க சித்தி மாதிரியே இருக்கீங்க" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கிச் சொல்லத் தெம்பு இருக்காது.

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. கடைவீதியில் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். கரும்பு வெட்டி முடித்த கையோடு சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து எங்கள் கடையில்தான் துணி எடுப்பார்கள். அத்தா கண்டிப்பானவர் இல்லை, ஆனால் சில விஷயங்களில் அசைக்க முடியாது. அதில் ஒன்று படம். எங்கள் வீட்டுச் சுவரில் யார் படமும் மாட்டியதில்லை. தேதி மட்டும் போட்ட காலண்டர் ஒன்று தொங்கும். பூப்போட்ட காலண்டர்கூட இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அவருக்கும் படம் கிடையாது. இன்றைக்குக் கண்ணை மூடி யோசித்தால் அம்மாவின் கைதான் ஞாபகம் வருகிறது, முகம் சரியாக வருவதில்லை.

என்னைக் கட்டிக்கொடுத்தது மெட்ராஸில். மூன்றாம் வருஷமே கணவர் மாரடைப்பில் போய்விட்டார். குழந்தையும் இல்லை. மாடி வீட்டில் குடியிருந்த அம்மாள் டப்பிங் பேசுகிறவர். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்து நான் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததைக் கண்டு, "வாம்மா, கூட்டத்துல அழுவறதுக்கு நாலு பொம்பளைங்க வேணுமாம்" என்று டப்பிங் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். அழுதேன். என்ன இயல்பாக அழுகிறாள் என்று பாராட்டினார்கள். கணவனைப் புதைத்து ஆறு மாசம் ஆன பெண் வேறு எப்படி அழுவாள் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. அப்படித்தான் தொழிலுக்குள் வந்தேன். என் பேச்சுதான் அவர்களுக்குச் சிரிப்பு. 'வந்துகினு', 'இன்னா' என்றெல்லாம் வாயில் வந்து விழும். கள்ளக்குறிச்சியை நாக்கிலிருந்து கழுவி எடுக்க ஒரு வருஷம் பிடித்தது.

குரலிலிருந்து முகத்துக்கு வந்தேன். ஜெயில் வாசலில் நிற்கும் அம்மா, கல்யாண மண்டபத்தில் மூக்கைச் சிந்தும் அத்தை, கதாநாயகனின் நண்பனைப் பெற்றுவிட்டு உடனே செத்துப்போகும் தாய். அப்புறம் டிவி வந்தது, சீரியல் வந்தது, என் பாட்டுக்கு வீடு வீடாகப் போய் மாமியாராக உட்கார்ந்துகொண்டேன். எல்லா வீட்டிலும் நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. ஊருக்குப் போகும்போது ஸ்டிக்கர் பொட்டை எடுக்க மறந்து பஸ் ஏறிவிடுவேன். தியாகதுருகம் தாண்டும்போதுதான் ஞாபகம் வரும். பிய்த்து முன் சீட்டின் கம்பியில் ஒட்டிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொள்வேன். நெற்றியில் அந்த இடம் மட்டும் அரித்துக்கொண்டே இருக்கும்.

அத்தா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. "சாப்டியா? மூஞ்சி இன்னா வாடிப்போயி கெடக்குது?" என்பார். தானே போய்க் கறி வாங்கி வருவார். ஆனால் நான் நடிப்பதை அவர் பார்த்ததும் இல்லை, அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. வீட்டில் டிவியைப் போட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிடுவார். ஒருமுறை நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது களமருதூர்க்காரர் ஒருவர், "பாய், ஒங்க பொண்ணு படத்துல வந்துச்சே, எங்க வூட்ல எல்லாரும் பாத்தோம்" என்றார். அத்தா முழக்கோலை எடுத்தார். "சட்டத்துணி எத்தினி மீட்டரு போடட்டும்?" என்றார். நான் அந்தத் துணியின் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு விருது ஆசையெல்லாம் கிடையாது. போஸ்டரில் பெயர் வரவேண்டும் என்றுகூட நினைத்ததில்லை. அத்தா ஒருமுறை என்னைத் திரையில் பார்க்க வேண்டும், இது என் பொண்ணுதான் என்று யாரிடமாவது ஒருமுறை சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கால் வீங்க உட்கார்ந்ததற்கு அது ஒன்று போதும் என்றிருந்தது. வருஷம் போகப் போக அந்த ஆசையும் என்னைப் போலவே சலித்துப்போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது.

அத்தாவுக்கு எண்பது தாண்டிய பிறகு ஒருநாள் மச்சி போன் செய்தார். அண்ணன் மனைவியை நாங்கள் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். "அத்தா பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு ஒடஞ்சிடுச்சி. சக்கர ஜாஸ்தியா கீது, ஆபரேசன் வேணாங்கறாரு டாக்டரு. ஒன்னியத்தான் கேட்டுகினே இருக்காரு" என்றார்.

அப்போது நான் ஒரு சீரியலில் கதாநாயகியின் அம்மா. மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அசோசியேட் டைரக்டரிடம் போய் லீவு கேட்டேன். எனக்கு மகன் இருந்திருந்தால் அவன் வயசு இருக்கும் பையன், பாவம், அவனுக்கும் தூக்கம் கிடையாது. "கல்யாண ட்ராக் போயிட்டிருக்கும்மா. பொண்ணுக்கு அம்மா இல்லாம எப்படி? ரெண்டு நாள்னா பாக்கலாம்" என்றான்.

"ரெண்டு நாள்ல இடுப்பு எலும்பு கூடிடுமா? பேசாம என்னக் கொன்னுடுங்க" என்றேன்.

எரிச்சலில் வந்த வார்த்தைதான். ஆனால் அவன் சிரிக்காமல் என்னையே பார்த்தான். இரண்டு நாள் கழித்து வந்து, "அம்மா, ரைட்டர்கிட்ட பேசினேன். கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா செத்துட்டா நல்லாத்தான் போகும்ங்கறாரு" என்றான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கும்பிட்டேன். சாவதற்கு அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு இட்லி அதிகமாகவே சாப்பிட்டேன்.

அருவி இருக்கிற இடத்தில்தான் சாக வேண்டும் என்று கதை. வேண்டுதலுக்காக மலைக்கோயிலுக்குப் போன குடும்பம், மகளைக் காப்பாற்றப் போய்த் தாய் பாறையிலிருந்து விழுகிறாள். எங்கெங்கோ பேசிவிட்டு, செலவு கம்மி என்று கல்வராயன் மலையைப் பிடித்தார்கள். என் ஊர் அங்கே இருப்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. வேன் கள்ளக்குறிச்சி கடைவீதி வழியாகத்தான் போனது. எங்கள் கடையில் அண்ணன் யாருக்கோ சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வேன் கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே போய்விட்டேன். அப்புறம் கச்சிராயபாளையம், கோமுகி அணை, வளைந்து வளைந்து மேலே வெள்ளிமலை. அந்த மலையை வீட்டு மொட்டைமாடியிலிருந்து தினம் பார்த்து வளர்ந்தவள், செத்துப்போவதற்காக இப்போதுதான் ஏறினேன்.

பிணமாகப் படுப்பது லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். மூச்சு தெரியக் கூடாது, இமை ஆடக் கூடாது. பாறை வெயிலில் காய்ந்து முதுகைச் சுட்டது. கட்டெறும்பு வேறு கழுத்தில் ஏறியது. மகளாக நடித்த பெண்ணுக்கு அழுகை வரவில்லை, கிளிசரின் போட்டால் கண் எரிகிறது என்கிறாள். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கடுக்காய் மரத்தடியில் மலைக்காரர்கள் சிலர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். இடைவேளையில் நான் எழுந்து தண்ணீர் குடிக்கும்போது அதில் ஒரு பெண், "இன்னாத்துக்கும்மா இத்தினி வாட்டி சாவற?" என்று கேட்டாள். நிஜமான கவலையோடுதான் கேட்டாள். வெல்லம் போட்ட காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், குடித்துவிட்டுப் போய் மறுபடியும் செத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாவு ஷாட் முடிந்ததும் செத்தவரை எழுப்பி உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு துண்டு எடுப்பார்கள். பொய்க்குச் செத்தது நிஜமாகிவிடக் கூடாது என்பதற்காக. அதை ஆயுசு ஷாட் என்று எங்கள் யூனிட்டில் சொல்வோம். அது எந்தக் கதையிலும் வராது. எடுப்பார்கள், தூக்கிப் போட்டுவிடுவார்கள். எந்தச் சாமியையும் நம்பாத கேமராமேன்கள்கூட இதை விடமாட்டார்கள்.

"அம்மா, சிரிங்க" என்றார் கேமராமேன். சிரித்தேன். "இன்னும் நல்லா, அப்பதான் நூறு வயசு" என்றார். நூறு வயசா என்று நினைத்ததுமே நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. முடிந்தது, இனிமேல் எவளுக்கும் அம்மா இல்லை, மாமியார் இல்லை, கீழே இறங்கினால் அத்தா. அந்த நினைப்பில் வாய் நிறையச் சிரித்தேன். முப்பது வருஷத்தில் கேமராவுக்கு முன்னால் நான் நானாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கூடத்தில் கட்டில் போட்டு அத்தாவைப் படுக்க வைத்திருந்தார்கள். பாதியாக இளைத்திருந்தார்.

"எத்தினி நாளு லீவு?" என்றார்.

"லீவு இல்ல அத்தா. இனிமே இங்கதான்."

"ஏன், வேலைக்கு வேணாண்ட்டாங்களா?"

"நாந்தான் வேணான்ட்டேன்" என்றேன். அத்தா என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

நோயாளியைப் பார்ப்பதும் காத்திருப்பதுதான். பழக்கமான வேலை. துடைத்துவிடுவேன், கஞ்சி கொடுப்பேன், புரட்டிப் படுக்க வைப்பேன். டிவியும் அதே கூடத்தில்தான் இருந்தது. சாயங்காலம் மச்சி சத்தத்தைக் குறைத்துவைத்து சீரியல் பார்ப்பார். எழுந்து போக முடியாத அத்தா, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அப்படிக் கழுத்து வலிக்கத் திரும்பிக் கிடக்கிறாரே என்று எனக்குப் பரிதாபமாக இருக்கும், கோபமாகவும் இருக்கும். கோபம்தான் கொஞ்சம் கூடுதல்.

நான் செத்த பகுதி ஒரு வியாழக்கிழமை ஒளிபரப்பானது. சாவும் அழுகையும் முடிந்து, கடைசியில் அந்தக் கதைவீட்டுச் சுவரில் என் படத்தை மாட்டி, சந்தன மாலை போட்டு, முன்னால் சின்ன சிவப்பு பல்பு ஏற்றினார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்னுடைய ஆயுசு ஷாட். மலைக்கு ஸ்டில் போட்டோகிராபர் வரவில்லை, மாட்டுவதற்குப் படம் இல்லை. வேலைக்குப் புதிதாக வந்த யாரோ ஒருவர், அம்மா நன்றாகச் சிரிக்கிறார்களே என்று அந்தத் துண்டிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிவிட்டிருக்கிறார். சாகாமல் இருக்க எடுத்ததையே செத்தவள் படமாக்கி மாலையும் போட்டாயிற்று. அசோசியேட் போனில் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். விடுப்பா என்றேன்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரே அழுகைச் சத்தம். ரிஷிவந்தியத்துப் பக்கத்து அம்மாள் ஒருவர், பல வருஷமாக எங்கள் கடையில் துணி எடுப்பவர். முந்தின நாள் சீரியலைப் பார்த்திருக்கிறார். அதில் செத்தது ஜவுளிக்கடை பாய் மகளாச்சே என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனசு கேட்காமல் கடைக்குப் போனால் கடை சாத்தியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குச் சாத்தியது. அவர் சாவு வீடு என்றே முடிவு கட்டி நேரே இங்கே வந்துவிட்டார்.

"பாயி, இப்பிடி பண்ணிட்டுப் போயிட்டாளே ஒங்க பொண்ணு!" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். வெளியே வரத்தான் போனேன். அதற்குள் அத்தாவின் குரல் கேட்டது. அந்த உடம்பிலிருந்து அத்தனை சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எவ போயிட்டா? இன்னாம்மா பேசற நீ?"

"நாந்தான் கண்ணால பாத்தனே பாயி. மால போட்டு படம் மாட்டி, லைட்டு கூட வெச்சிருந்தாங்க."

"எந்த பாய் வூட்லம்மா படம் மாட்டி மால போடுவாங்க? இந்த வூட்ல ஒரு படம் காட்டு பாக்கலாம்!"

அந்த அம்மாள் சுற்றிலும் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "அப்ப அது ஒங்க பொண்ணு இல்லிங்களா?" என்று கேட்டார்.

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். இந்தக் கேள்விக்கு அத்தா எத்தனையோ முறை துணியை அளந்திருக்கிறார். இப்போது கையில் முழக்கோல் இல்லை.

"எம் பொண்ணுதான்" என்றார் அத்தா. "சினிமாவுல, டிவில எல்லாத்துலயும் நடிக்கறவ எம் பொண்ணுதான். சாவல. அடுப்பாண்ட கீறா, போயி பாரு."

அந்த அம்மாள் பார்க்க வந்தார். என்னைக் கண்டதும் ஒரு கத்தல் போட்டு, அப்புறம் என் கன்னத்தையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, சிரித்து, மறுபடியும் அழுதார். நானும் அழுதேன். கஞ்சி அடிப்பிடித்துப்போனது.

அன்று சாயங்காலம் அத்தா மச்சியைக் கூப்பிட்டார். "அந்தக் கத எத்தினி மணிக்கு?" என்றார். மச்சி என்னைப் பார்த்தார், நான் மச்சியைப் பார்த்தேன். முதுகுக்குத் தலையணை வைக்கச் சொன்னார், கண்ணாடி கேட்டார். சீரியல் தொடங்கியது. கதைவீட்டில் யார் யாரோ சண்டை போட்டார்கள், அவர்கள் தலைக்குப் பின்னால் சுவரில் நான் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தா கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்தில் என் நெற்றிப் பொட்டு மறைகிற மாதிரி பிடித்துப் பார்த்தார்.

"அந்தப் படத்த எடுக்கச் சொல்லு" என்றார்.

போன் செய்தேன். அசோசியேட் அழாக்குறையாகப் பேசினான். ஒருமுறை மாட்டியதை எடுத்தால் கதை இடிக்கும், இனிமேல் அந்த வீட்டில் எடுக்கிற எல்லா ஷாட்டிலும் அது இருந்தாக வேண்டும் என்றான். அத்தாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை. சாயங்காலம் ஆனால் கண்ணாடி, தலையணை. கதை என்ன, யார் யாரோடு ஓடிப்போனார்கள், ஒன்றும் அவருக்குத் தெரியாது. படம் வரும் வரை பார்ப்பார். வந்ததும், "இன்னும் எடுக்கல" என்பார். விரலை நீட்டிப் பொட்டை மறைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு தூங்கிவிடுவார்.

ஒருநாள் எனக்குத் தாளவில்லை. "முப்பது வருசம் நடிச்சனே அத்தா, ஒரு நாளு பாக்கல நீங்க. செத்த பொறவு தெனம் பாக்கறீங்களே?" என்று கேட்டே விட்டேன்.

அத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஒன்னு ரெண்டு பாத்தேன், டீக்கடையில. வேற எவளோ அழுதுகினு கெடந்தா. அது நீ இல்லன்னு எழுந்து வந்துட்டேன். இதுல நீ கீற. ஒங்கம்மா மாதிரியே சிரிக்கற."

அம்மாவின் முகம் எனக்கு மறந்துவிட்டது என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. அன்றைக்கு முதல் தடவையாக நானும் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தேன்.

மழை பிடிக்கிற நேரத்தில் அத்தா போய்விட்டார். படுக்கையில் கிடந்து, அதிகம் கஷ்டப்படாமல். நாற்பது நாள் டிவி போடவில்லை. அதற்கு மறுநாள் மச்சி, வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று சொல்லிப் போட்டார். அதே சீரியல், அதே வீடு, அதே சண்டை. சுவரில் என் படம் இல்லை. வீட்டுக்குப் புது பெயின்ட் அடித்திருந்தார்கள், படம் இருந்த இடத்தில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. கதையில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எடுத்துட்டாங்க அத்தா" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னேன். கட்டிலில் துவைத்த துணி குவிந்து கிடந்தது. மச்சி டிவியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருமாகத் துணியை மடித்து வைத்தோம்.